975,000 என்ற எண்

மலையகத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் 975,000 என்ற எண் குறுக்கிடும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றோராயிருந்த இந்திய வம்சாவளியினரின் தொகை இதுவெனக் கொள்ளப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றார்கள்.

இத்தொகைகளை ஒருமுறை வெறும் எண்களாகப் பார்ப்போம். என்னைப் போன்ற கலைப் பட்டதாரிக்கும் எட்டக்கூடிய கணிதம்தான். இம்மூன்றுக்கும் பொதுவான காரணிகளுட் பெரியது 75,000. அதனால் வகுத்தால் முறையே 7, 4, 2 கிடைக்கும். கூட்டுத்தொகை 13. ஏழு பேர் இந்தியா செல்ல, நால்வருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற விகிதம் இவ்வாறு வந்ததே.

13 ஒரு முதன்மை எண். தமிழ்நாட்டார் பகா எண் என்பர். அதைச் சமமாகப் பங்கிட வழியில்லை. எனவே 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் எஞ்சிய இரு பங்கை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர். இந்தியாவுக்கு எட்டு, இலங்கைக்கு ஐந்து. 5, 8, 13 ஆகியவை பிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை. மனிதர்களை எண்ணும்போது தொகை இத்தனை ஒழுங்காக அமைவதில்லை. மூன்று சுழியங்களில் முடியும் இவ்வெண்கள் பேரத்தின் எண்கள்.

திம்புள்ளத் தோட்டங்களில் பேர் என்ற சொல்லுக்கு ஒருநாட் சம்பளம் என்றும் பொருளுண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர் விழும். பேரைப் பின்னமாக்கும் கணக்கை அம்மக்கள் பிரட்டுக்களத்திலேயே அறிந்திருந்தார்கள். ஆனால் தாயையும் மகனையும் எந்த விகிதத்தில் வகுப்பது? ஒரே லயத்துக் காம்பிராவில் ஒருவர் இந்தியப் பிரசை, மற்றவர் இலங்கைப் பிரசை என்றாகிக் குடும்பங்கள் பிரிந்தன.

மக்களும் அந்த விகிதத்துக்கு அடங்கவில்லை. இந்தியக் குடியுரிமை கோரியோர் 525,000 பேரை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கோரியோரோ 300,000 பேரை வெகுவாகத் தாண்டினர். எங்கே வாழ விரும்பினார்கள் என்பதற்கு அந்த விண்ணப்பங்களே சாட்சி. இதற்கிடையே குழந்தைகள் பிறந்தனர். தொகை மாறிக்கொண்டே இருந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபோதும் கணக்கு முடிந்திருக்கவில்லை.

முடித்துவைத்தது 2003ஆம் ஆண்டின் சட்டம். அது 7:4 போன்ற எந்தப் பங்கீட்டையும் விதிக்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறலாம் என்றது. மூன்று பேரரசியல்வாதிகள் வகுத்துப் பார்த்தும் தீராத கணக்கு, வகுப்பதைக் கைவிட்டபோதுதான் தீர்ந்தது. அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.