வருமுன் திரட்டும் நிதி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'வரி' என்னும் சொல் புதிதன்று. மாரியம்மன் திருவிழா நெருங்கினால், வீட்டுக்கு இவ்வளவு என்று கோயில் தலைவர் வரி விதிப்பார். சம்பள நாளன்று பொருளாளர் மேசை போட்டு அமர்ந்திருப்பார். லயத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அன்று மாலைக்குள் ஒரு தாம்பாளம் வீடு வீடாகச் சென்று திரும்பும். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, அந்தக் கூலியில் கடைக்கடனையும் அடைக்க வேண்டியிருந்த மக்கள், அத்தாம்பாளத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே, கொடுக்கும் பண்பை நம் மக்களுக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிழா நீங்கலாக, நாம் நிதி திரட்டியதெல்லாம் பெரும்பாலும் துன்பம் வந்த பின்னரே ஆகும். துன்பம் வருமுன், அதைத் தடுக்கும் வழியைக் கண்டறிவதற்காக, முகம் அறியாத ஒருவரை, ஏன், இன்னும் பிறவாத ஒருவரை நினைத்துத் திரட்டும் நிதியும் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மக்கள் ஒன்றுகூடித் திரட்டும் நிதி அத்தகையது. அதைப் பற்றிய என் சிந்தனைகள் சிலவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடனும் பெற்றோர்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கனடா நாட்டில் டெரி ஃபாக்ஸ் என்றோர் இளைஞர் இருந்தார். 1977ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் தம் வலக்காலை முழங்காலுக்கு மேல் இழந்தார். பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் அவரிடம் கூறினர். இரண்டாண்டுகளுக்கு முன்னர் இதே நோய் வந்திருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்தாக மட்டுமே இருந்திருக்கும் என்றும், இடைப்பட்ட காலத்து ஆராய்ச்சியே இம்மாற்றத்தைத் தந்தது என்றும் அவர் அறிந்தார். அந்த எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், செயற்கைக் காலுடன் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர் மட்டுமே. அன்றைய கனடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு கோடியே நாற்பது இலட்சம். அவர் கண்மூடுமுன் அந்தத் தொகை நிறைந்துவிட்டது. அவர் மறைந்த அதே ஆண்டில் அவர் பெயரால் தொடங்கிய ஓட்டங்கள் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவின. நம் மலேசியாவிலும் நடந்துள்ளன. பெருஞ்செல்வர் ஒருவரின் காசோலையால் ஆகாத செயலை ஒரு டாலர் செய்தது. ஏனெனில், ஒரு டாலர் கொடுத்த ஒவ்வொருவரும் அந்தப் பணியைத் தம் பணியாகக் கருதினர்.

தொலைவில் உள்ள கனடாவை விட்டுவிட்டு நம் தமிழகத்தையே பார்ப்போம். புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்து, பெண்கள் கல்லூரி வாயிலை மிதிக்க அஞ்சிய காலத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ட அவர், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றை அமைத்தே தீர்வது என்று உறுதிபூண்டார். இது தீராத நோய், இதற்குப் பணம் செலவிடுவது வீண் என்று கற்றவர்களே கருதிய காலம் அது. அம்மையார் இந்திய மாதர் சங்கத்தைத் துணைக்கொண்டு பொதுமக்களிடம் கையேந்தினார். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில் அம்மருத்துவமனை தொடங்கியது. அன்று அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். மருத்துவத்துடன் ஆராய்ச்சியும் நடைபெறும் பெருநிலையமாக அது இன்று விளங்குகின்றது. டாக்டர் சாந்தா 2021ஆம் ஆண்டு தம் 93ஆம் வயதில் மறையும் வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். ஒரு தங்கைக்காகச் சிந்திய கண்ணீர் முகமறியாத இலட்சம் பேருக்கு மருந்தாயிற்று.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். புற்றுநோய்களுள் நமக்கு மிக நெருங்கிய ஒன்று வாய்ப்புற்று. அதற்குக் காரணம் நம் மடியிலேயே இருந்தது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் பழக்கத்தைக் கப்பலேறி வந்த நம் முன்னோர் உடன்கொணர்ந்தனர். காலைப் பனியில் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அது உடல் சூடு. பசிக்கு அது ஒத்திப்போடும் மருந்து. புகையிலை சேர்த்த வெற்றிலைத் தாம்பூலம் புற்றுநோயை விளைவிக்கும் என்று 1985ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை விளைவிக்க வல்லது என்று 2004ஆம் ஆண்டு அது உறுதிப்படுத்தியது. நம் நாட்டில் 1993–94இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பரிசோதித்த தேசிய ஆய்வில், புற்றுக்கு முன்னோடியான நிலைகள் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே மிகுந்திருந்தமை தெரியவந்தது.

நான் சிறுவனாக வாழ்ந்த தோட்டத்தில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வெற்றிலைப் பையின்றி அவரைக் கண்டதில்லை. பாக்கிடிக்கும் சிற்றுரலின் ஓசைதான் எங்களுக்கு மாலை மணி. ஒரு நாள் அவர் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. வலிக்கவில்லை, ஆகவே அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர்ப் புண்ணாயிற்று. மஞ்சள் தடவினார்கள், மந்திரித்துத் திருநீறு பூசினார்கள், 'சூட்டுப் புண்' என்றார்கள். வாய் திறந்து சோறு உண்ண முடியாத நிலையில்தான் ஈப்போவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்து கதிர்ச் சிகிச்சைக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்பினர். தோட்ட மக்கள் தாம்பாளம் எடுத்து, பயணச் செலவுக்கும் துணைக்குச் செல்பவரின் சாப்பாட்டுக்கும் பணம் திரட்டினர். என் தாயாரும் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வெள்ளி கொடுத்தார். அந்தப் பணத்தில் குறையேதும் இருக்கவில்லை. காலந்தான் கடந்திருந்தது. நான்கு மாதங்களில் அதே தாம்பாளம் மீண்டும் வீடு வீடாக வந்தது.

அந்த வெள்ளைப் படர்வை முதல் மாதத்திலேயே ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு விடை தருவதே ஆராய்ச்சி. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 1996ஆம் ஆண்டு தொடங்கி, 1,90,000க்கும் மேற்பட்டோரை உட்படுத்திப் பேராய்வு ஒன்று நடத்தப்பட்டது. ஏழு ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, கண்ணால் நோக்கியே வாயைப் பரிசோதித்தனர். எஞ்சிய ஆறு ஊராட்சிகள் ஒப்பீட்டுக்காக வழக்கமான நிலையிலேயே விடப்பட்டன. 2005ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. பெரிய கருவி எதுவுமில்லை; வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணுமே போதுமானவையாக இருந்தன. ஆயினும், அது போதும் என்பதை ஐயமற நிறுவுவதற்குப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. நிதி இங்கேதான் பயன்படுகின்றது.

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகின்றது. 1966ஆம் ஆண்டு தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் விழிப்புணர்வையும் நோயாளர் துணையையும் கவனிக்கின்றது. சுபாங் ஜெயாவில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், இலாப நோக்கின்றி நன்கொடைகளின் துணையால், ஆசிய மக்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களை ஆராய்கின்றது. மார்பகப் புற்றுடன் வாய்ப்புற்றும் அவற்றுள் ஒன்று. வாயைக் கைப்பேசியில் படமெடுத்துத் தொலைவில் உள்ள வல்லுநருக்கு அனுப்பும் முறையையும் அங்குள்ள அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர். மேலைநாட்டார் தம் நாட்டில் மிகுந்துள்ள நோய்களையே முதலில் ஆராய்வர், அது இயல்பு. பாக்கு மென்றவரின் நோயை, அவர் வாழும் நாட்டினர்தாம் முன்னின்று ஆராய வேண்டும்.

"பணத்தைத்தான் அனுப்பிவிடலாமே, கூட்டமும் நடையும் எதற்கு?" என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் தக்கோமா நகரில் கோர்டி கிளாட் என்னும் அறுவை மருத்துவர் தனியொருவராக 24 மணி நேரம் ஓட்டத் திடலைச் சுற்றி வந்து 27,000 டாலர் திரட்டினார். அவரைப் பின்பற்றி எழுந்த கூட்டங்களில், நோயிலிருந்து மீண்டவர்களே முதற்சுற்றை நடப்பது மரபாயிற்று. ஈப்போவில் நடைபெற்ற அத்தகைய நடை ஒன்றுக்கு நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றேன். நடந்தவர்களுள் நம் தோட்டத்து முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரும் இருந்தார். அவர் மார்பகப் புற்றுக்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர் என்பது எங்களுள் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. மாணவி ஒருத்தி, "அம்மா, உங்களுக்கு வலிக்கவில்லையா?" என்று கேட்டாள். அவர், "வலித்தது; போய்விட்டது. நீ போய் உன் அம்மாவையும் பாட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொல்" என்றார். அடுத்த திங்கட்கிழமை இரண்டு தாய்மார்கள் என் அலுவலகத்துக்கு வந்து, எந்த மருந்தகத்துக்குச் செல்ல வேண்டுமென்று தயங்கித் தயங்கிக் கேட்டனர்.

கூட்டம் எதற்கு என்பதற்கு இதுவே விடை. நம்மவர் இந்நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். மகளுக்கு மாப்பிள்ளை வாராது என்றும், வினைப்பயன் என்றும், தொற்றிக்கொள்ளும் என்றும் மறைத்தனர். புற்றுநோய் ஒருவரைத் தொடுவதாலோ உடனுண்பதாலோ தொற்றுவதன்று. மறைத்த நோய் முற்றும். சொன்ன நோய்க்கு வழி பிறக்கும். திடலில் நூறு பேர் கூடி அதன் பெயரை உரக்கச் சொல்லும்போது, நூற்றோராம் நபருக்கும் சொல்லத் துணிவு வருகின்றது. பணம் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் செல்கின்றது. துணிவு வீட்டுக்கு வருகின்றது.

பொதுப்பணம் என்றால் கணக்கு வேண்டும். சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. அந்தப் பத்து வெள்ளியைத் தொழிலாளி நம்பிக் கொடுத்ததற்குக் காரணம், அவர் கையில் பங்குச் சீட்டு இருந்ததே ஆகும். எனவே, புற்றுநோயின் பெயரால் எவர் உண்டியல் நீட்டினாலும், பதிவுபெற்ற அமைப்பா என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணக்குக் கேட்பது அவமதிப்பன்று, அறத்துக்கு வேலி.

பணம் கொடுக்க இயலாதவர்களும் கொடையாளரே. தம் வாயைப் பரிசோதனைக்குத் திறந்து காட்டுபவர் கொடையாளர். ஆய்வாளர் வந்தால், விளக்கம் கேட்டு, விரும்பி, தம் பழக்கத்தை ஒளிக்காமல் உரைப்பவரும் கொடையாளர். பாக்கு மெல்வதை நிறுத்தும் பாட்டனார், தம் பேரனுக்குத் தரும் கொடைக்கு விலையே இல்லை.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பல பள்ளிகளின் பெயர்களில் மட்டுமே தோட்டம் எஞ்சி நிற்கின்றது. லயங்கள் கலைந்தாலும், தாம்பாளத்தை வெறுமையாக அனுப்பாத அந்த மனம் கலைந்துவிடக் கூடாது.

மாணவச் செல்வங்களே! இன்று மாலையே வெளிச்சத்தில் உங்கள் தாத்தா பாட்டியரின் வாயைக் காட்டச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்புறம், மேலண்ணம் ஆகிய ஐந்து இடங்களையும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ படர்ந்திருந்தாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், வாய் திறக்க இறுக்கமாக இருந்தாலும் பெற்றோரிடம் கூறி அரசாங்கப் பல்மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோர்களே! இவ்வாண்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவில், நம் திடலைச் சுற்றி ஒரு நடை நடத்தவிருக்கின்றோம். சுற்றுக்கு ஒரு வெள்ளி. இயலாதவர்கள் காசின்றியும் நடக்கலாம். திரளும் தொகையும் அதன் கணக்கும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். வெற்றிலைப் பையை வீட்டில் விட்டுவிட்டு, வீட்டிலுள்ள முதியோரையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். ஊர் கூடி இழுத்தால் நகராத தேர் இல்லை.

— தலைமையாசிரியர்