கல்மாவு நீரில் தூண்டில்

டயாப்லோ ஏரியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் நீரைத் தொடாமலே திரும்பிவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காகிட் ஆற்றை ஒட்டி மலையேறும் 20ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் உயரமான பார்வையிடம் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, தடுப்பருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தால் போதும். கருத்த ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே பச்சையா நீலமா என்று பிரிக்க முடியாத நிறத்தில் நீர் தேங்கிக் கிடக்கும். படத்தில் மட்டும் பார்த்தவர்கள், யாரோ கணினியில் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்பார்கள். கூட்டவில்லை. ஜூலை, ஆகஸ்டில் அது அப்படித்தான் இருக்கும்.

அதே நீரில் கயாக்கை இறக்கி உட்கார்ந்ததும் நிறம் இடம் மாறிவிடுகிறது. கையால் அள்ளினால் லேசாகக் கலங்கிய வெறும் தண்ணீர். சிறிது தள்ளிப் பார்த்தால் மறுபடியும் அந்தப் பச்சைநீலம். தெற்கே மலைமுகட்டில் இருக்கும் பாஸ்டன் பனியாறும் அதன் அண்டைப் பனியாறுகளும் தம் எடையால் அடிப்பாறையை அம்மியில் இட்டதுபோல் அரைக்கின்றன. அரைபட்ட கல்மாவைத் தண்டர் ஓடை ஏரிக்குக் கொண்டுவருகிறது. துகள்கள் அவ்வளவு நுண்ணியவை. எளிதில் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் இத்துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. பனி வேகமாக உருகும் கோடையில் நிறம் அடர்த்தியாவதும், குளிர் வந்ததும் மங்குவதும் இதனால்தான்.

பார்வையிடத்தில் நிற்பவருக்கு நிறம் காட்சி. தூண்டில்காரனுக்கு அதுதான் முதல் தடை. ரெயின்போ ட்ரவுட் கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். கல்மாவு மிதக்கும் நீரில் அதன் பார்வை சிறிது தூரம்கூட எட்டாது. தெளிந்த ஓடைகளில் நன்றாக வேலை செய்யும் மங்கலான சிறு செயற்கை ஈக்களை இங்கே போட்டுவிட்டுப் பகல் முழுக்கக் காத்திருக்கலாம். இங்கே மினுங்க வேண்டும், அதிர வேண்டும். சுழலும் உலோகத் தகடு ஒன்றை நரம்பில் கோத்து, அதற்குப் பின்னால் இரையைக் கட்டி, தொலைவில் இழுத்தபடி மிக மெதுவாகத் துடுப்புப் போடுவேன். இந்த மெதுவான போக்குக்குக் கயாக்கைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எஞ்சின் சத்தமில்லை. நீர்மட்டத்தோடு உட்கார்ந்திருப்பதால், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று தெரிகிறது: ஏரி முழுக்க ஒரே நிறம் இல்லை.

மேற்புறத்தில் ராஸ் அணை இருக்கிறது. அதன் பின்னால் தேங்கியிருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தில் வண்டல் பெரும்பாலும் படிந்துவிடுவதால், மின்நிலையம் வழியாக டயாப்லோவுக்குள் விழும் நீர் தெளிந்தது, கரும்பச்சையானது. தெற்குக் கிளையிலிருந்து தண்டர் ஓடையின் வெளிறிய நீர் வருகிறது. இரண்டும் கலக்கும் பகுதிகளில் சில நாட்களில் கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும்; சில நாட்களில் நிறம் கொஞ்சங்கொஞ்சமாகவே மாறும். நான் தேடுவது அந்த எல்லையைத்தான். கலங்கல் மீனுக்கு மறைவு. தெளிவு அதற்குப் பார்வை. இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் ட்ரவுட் நிற்பதாக நம்பி, கோட்டின் தெளிந்த பக்கமாகவே தூண்டிலை இழுத்துப் போவேன். எனக்குக் கிடைத்த நல்ல மீன்கள் அங்கே கிடைத்தவை.

பிடிபட்டது எதுவானாலும் முதலில் முதுகுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். அதில் கரும்புள்ளிகள் இருந்தால் ரெயின்போவாக இருக்கலாம். புள்ளியே இல்லாமல், உடம்பில் மட்டும் வெளிறிய பொட்டுகள் இருந்தால் அது புல் ட்ரவுட். 1999 முதல் அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி அச்சுறுத்தலுக்குள்ளான இனம். இந்த ஏரியில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. படகுக்குள் தூக்காமல், தண்ணீரில் இருக்கும்போதே கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும். மற்ற ட்ரவுட்களைவிடக் குளிர்ந்த நீரைக் கேட்கும் மீன் அது. அதற்கு இந்த ஏரி ஏற்றது. கோடை நடுவிலும் கையைச் சற்று நேரம் நீரில் வைத்திருந்தால் மரத்துப்போகும். அதனால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டாமல் நான் கரையைவிட்டு நகர்வதில்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி.

இதை ஏரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது அணையால் உருவான நீர்த்தேக்கம். சியாட்டில் நகர மின்துறையை நடத்திய ஜே. டி. ராஸ் ஸ்காகிட் ஆற்றில் திட்டமிட்ட மூன்று அணைகளில் டயாப்லோவும் ஒன்று. 1930இல் கட்டி முடிந்தபோது 389 அடி உயரத்தில் உலகிலேயே உயர்ந்த அணையாக நின்றது. பொருளாதாரப் பெருமந்தம் குறுக்கிட்டதால் 1936இல்தான் மின்சாரம் தந்தது. இந்த அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி வைக்கவில்லை. ஆற்றோடு வாழ்ந்துவந்த அப்பர் ஸ்காகிட் மக்கள் அந்த வழியைக் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். இங்கே தூண்டில் போடும் எவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

பொழுது விடியும்போது கலோனியல் கிரீக் முகாமருகே படகை இறக்கிவிடுவது நல்லது. பிற்பகலானால் மேற்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியே காற்று ஏறிவரும். அரை மணிக்குள் கண்ணாடி நீர் வெண்நுரை அலையாகிவிடும். அப்போது அகன்ற நடு ஏரியில் இருக்கக் கூடாது.

கடந்த நூறாண்டில் இந்த மலைகளின் பனியாறுப் பரப்பில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. மீதியும் கரைந்தால் தண்டர் ஓடை கல்மாவைக் கொண்டுவராது. ஏரி மெல்லத் தெளியும். மீனுக்குக் கண் தெரியும், மங்கலான சிறு ஈக்களும் வேலை செய்யும், தூண்டில்காரனுக்குச் சுலபம்தான். எனக்கு அந்தச் சுலபம் வேண்டாம். புல் ட்ரவுட்டுக்கு வேண்டிய குளிரும் அந்தப் பனியிலிருந்தே வருகிறது. இந்த ஆகஸ்டிலும் தெற்குக் கிளை கலங்கித்தான் இருந்தது. மீன் கடிக்காத காலைகளிலும் அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.