அம்மா சொல்லித் தராத பதம்

மலாக்காவில் இடியாப்பம் என்றால் துருவிய தேங்காயும் சீனியும்தான். வெள்ளைச் சீனி இல்லை. பழுப்புச் சீனி, கிடைத்தால் குலா மலாக்கா. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் தேங்காய்ப்பால் எங்கே, குருமா எங்கே என்று தேடுவார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் 'புத்து மாயம்' என்று பேர் சொல்லி வாங்கிப் போகும் பலகாரம் இது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ இதுதான் காலை நேரத்தின் மணம். எங்கள் அம்மா ஜாசின் வட்டாரத்தில் பல வருஷம் இதைச் செய்து விற்றார். அவர் இருந்தவரை நான் இடியாப்ப உரலைத் தொட்டதில்லை. அவர் போன பிறகு கற்றுக்கொண்டேன். கற்ற விதத்தையும், அது எங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மையையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

16ஆம் நாள் கருமக்கிரியை முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பியதும் வீடு வெறிச்சோடிப் போனது. அப்பா இருட்டிலேயே எழுந்து வாசல் அஞ்சடியில் போய் உட்கார்ந்துவிடுவார். பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம் அது. வேலை நின்று எத்தனையோ வருஷமாகியும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். தம்பி ஜொகூர் பாருவில் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். வாரக் கடைசியில் வந்தால் அறைக்குள்ளேயே கிடப்பான். நான் கணவரோடும் மகளோடும் அதே தாமானில் அடுத்த வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். சோறு கொண்டுபோய் வைப்பேன், பாத்திரத்தை எடுத்து வருவேன். துக்க வருஷம் என்பதால் அந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளியும் இல்லை. அம்மா பேச்சை எடுத்தால் மற்றவர் உடைந்துவிடுவாரோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக வாயை மூடிக்கொண்டோம். அன்பினால்தான் அப்படி இருந்தோம். ஆனாலும் அம்மாவைப் பற்றிப் பேச ஆளில்லாத வீடாக அது மாறிக்கொண்டிருந்தது.

டூரியான் துங்காலில் இருக்கும் பெரியம்மா ஒரு நாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவரும் அம்மாவும் லயத்து வீட்டில் எங்கள் பாட்டியிடம் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். நேரே சமையற்கட்டுக்குப் போய், துணியில் சுற்றி வைத்திருந்த மர உரலை எடுத்து மேசை மேல் வைத்தார். "உங்கம்மா கைதான் போச்சு பிள்ள. தொழில் எங்கிட்ட இருக்கு. அரிசிய ஊறப் போடு" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குச் சிஷ்யை.

இடியாப்பத்தில் பாதி வேலை மாவிலேயே முடிந்துவிடுகிறது. பச்சரிசியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். முழுக்கக் காயவிடக் கூடாது. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி விரலில் ஒட்டக் கூடாது. அரைத்ததும் சலித்து, அகலமான இரும்புச் சட்டியில் இளந்தீயில் வறுக்க வேண்டும். கை ஓயாமல் கிளற வேண்டும். நிறம் மாறிவிடக் கூடாது. முதலில் மாவிலிருந்து ஆவி கிளம்பும். போகப்போக மாவு இலேசாகி, கரண்டியில் கனம் தெரியாமல் போகும். அப்போது பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்துக் கீழே தரையில் இழுப்பார். கோலப்பொடியைப் போல விரலிடுக்கிலிருந்து மாவு விட்டுப்போகாமல் கோடாக விழுந்தால் பதம் வந்துவிட்டது. கோடு திட்டுத் திட்டாக விழுந்தால் ஈரம் இன்னும் மிச்சம். கடிகாரத்தையோ அடுப்பின் அளவையோ அவர் பார்த்ததே கிடையாது. தரையில் விழும் அந்தக் கோடுதான் அவருக்கு அளவு.

அடுத்தது தண்ணீர். உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆறிய தண்ணீரில் பிசைந்தால் மாவு சேராது, பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும். ஒரே மூச்சில் கொட்டாமல், கொஞ்சம் ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, மறுபடியும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். பிறகு கைபொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். "காதுச் சோணையத் தொட்டுப் பாரு, மாவும் அப்படி இருக்கணும்" என்பார் பெரியம்மா. மாவு கெட்டியாக இருந்தால் உரலின் கைப்பிடி இறங்காது, தோள் வலிக்கும். இளகிப்போனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெந்ததும் அடையாகிவிடும். எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் நோட்டில் குறித்துக்கொள்ளப் போனபோது அவர் வேண்டாம் என்றார். அரிசி புதிதா பழசா, அன்றைக்கு மழையா வெயிலா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் மாறும். கைக்குத்தான் அது தெரியும் என்றார்.

பிழிவதற்குப் பிரம்புத் தட்டு. அலுமினியத் தட்டில் அடிப்பக்கம் வியர்த்து இடியாப்பம் நனைந்துவிடும். பிரம்பின் இடுக்குகள் வழியே ஆவி மேலேறிப் போவதால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். இடது கையால் உரலைப் பிடித்து, வலது கையால் அமுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்ற வேண்டும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்து, மறுபடி ஓரத்துக்குப் போக வேண்டும். இழைகளுக்கிடையே தட்டின் பிரம்பு கண்ணுக்குத் தெரியும் அளவு மெல்லிசாக விழுந்தால்தான் வாயில் வைக்கும்போது கரையும். வெந்த பிறகு இழையின் மாவு வெள்ளை மாறி இலேசான கண்ணாடித்தன்மை வரும். ஈர விரலால் தொட்டால் ஒட்டாது.

தேங்காய்க்கு வந்ததும் பெரியம்மா கையை விரித்தார். "உங்கம்மா தேங்காய்ப்பூ சாயந்திரம் வரைக்கும் கெடாது. எனக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது" என்றார். அஞ்சடியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "உப்புத் தூவி ஆவியில காட்டுவா. பாண்டான் இலையும் ஒண்ணு போடுவா." பல மாதத்துக்குப் பிறகு அம்மாவைப் பற்றி அப்பா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. எழுந்து உள்ளே வந்தார். அரிவாள்மணை எங்கே என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து, தேங்காயைத் திருப்பித் திருப்பித் துருவத் தொடங்கினார். ஓட்டை ஒட்டிய பழுப்புப் பகுதி ஒரு துளிகூட விழவில்லை. அத்தனை வருஷமும் விடியற்காலையில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தது அவர்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

குலா மலாக்காவை அம்மா யாரிடம் வாங்கினார் என்பதும் அப்பாவுக்குத்தான் தெரியும். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றைப் பெரிய வாணலியில் மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாய்களில் ஊற்றி இறுகவிட்டு எடுப்பது குலா மலாக்கா. அதனால்தான் அது உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில் இருக்கிறது. சுத்தமான குலா மலாக்காவைக் கத்தியால் சீவினால் மெத்தென்று பொடிந்து புகைமணம் வரும். சீனி கலந்தது கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அப்பா மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு கம்பத்தில் ஒரு மலாய்க்கார மக்சிக் வீட்டுக்குப் போனார். அம்மா காலமான சேதி அவருக்குத் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அம்மாவைப் பற்றியே பேசினார். எங்கள் வீட்டில் யாரும் பேசாத பேச்சை அங்கே அப்பாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். இருவருக்கும் கண் கலங்கியது. ஆனால் அம்மாவைப் பற்றிப் பேசியதால் எங்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை.

தம்பிக்குத் தெரிந்தது உப்பு. அடுத்த வாரம் வந்தவன் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "அக்கா, அம்மா மாவுலயும் உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடும். அப்பத்தான் குலா மலாக்கா இனிக்கும்" என்றான். என் கணவருக்கோ மடிக்கும் முறை நினைவிலிருந்தது. வாழையிலை உள்ளே, செய்தித்தாள் வெளியே, ரப்பர் வளையம் எந்தப் பக்கம் என்று செய்து காட்டினார். அம்மாவின் கைப்பக்குவம் முழுவதும் எங்களில் ஒருவரிடமும் இல்லை. ஆளுக்கொரு பங்கு இருந்தது. எல்லாரும் ஓர் அடுப்படியில் கூடிய பிறகுதான் அது ஒன்றுசேர்ந்தது.

சமையல் வழியே இறந்தவரை நினைப்பது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா மலாக்காச் செட்டி வம்சத்தவர். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் பிள்ளையாரையும் அம்மனையும். ஜாலான் துக்காங் இமாஸில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடைய முன்னோர் எழுப்பியது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் அவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை 'பார்ச்சு' என்று முன்னோருக்குப் படைக்கிறார்கள்: பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று ஒரு முறை, பழக்காலத்தில் ஒரு முறை. இறந்தவர்கள் எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதையே சமைத்து வாழையிலையில் வைப்பார்கள். பேச்சுமொழி மாறிப்போய்ப் பல தலைமுறை ஆகியும், பாட்டிக்குப் பிடித்த பதார்த்தம் எது என்பதை அவர்கள் மறக்கவில்லை. "சமைக்கிறப்போ அவங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்போம். பிள்ளைங்களுக்கு அப்படித்தான் தெரியவரும்" என்று அந்த அக்கா மலாயில் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. தீபாவளிக்கு முன் நம் வீடுகளில் வைக்கும் படையலும் இதுதான். படைத்ததை இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் அதன் பொருள் முழுமை அடைகிறது.

இப்போது சனி ஞாயிறுகளில் தாமான் வாசலில் மேசை போட்டு விற்கிறோம். பெரியம்மா வெள்ளி இரவே வந்துவிடுவார். அப்பாவுக்குத் தேங்காய், எனக்கு மாவும் உரலும், தம்பிக்குக் கல்லா. என் மகள் குலா மலாக்கா சீவுகிறாள். சீவுகிற சாக்கில் தின்கிறாள். முதல் தட்டு வெந்ததும் அம்மா படத்துக்கு முன் வைத்துவிட்டு, அதையே எல்லாரும் பங்கிட்டுச் சூடாகச் சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் யாராவது அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். சிரிப்போம். சில நாள் அழுவோம். இரண்டுக்கும் இப்போது வீட்டில் இடம் இருக்கிறது. அம்மா இல்லாத வீட்டில் சந்தோஷமாக இருப்பது துரோகம் என்று ஒரு காலம் எனக்குத் தோன்றியது. அவர் செய்த வேலையைச் செய்யச் செய்ய அந்த எண்ணம் கரைந்துபோயிற்று. வயிறாரச் சாப்பிட்டுச் சிரித்த முகங்களைப் பார்ப்பதற்காகத்தான் அந்த மனுஷி இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டினார். அந்த முகங்களை மறுபடி வரவழைப்பதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு என்ன இருக்கிறது?

அம்மாவிடம் கேட்காமல் போனதுபோல ஆகிவிடாமல், அப்பாவிடம் அவர் பால்மரத் தொழிலை இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மலாக்காவின் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு ஆசாஹானில் பெருந்தோட்டமாக அதை விரித்த நாள்தொட்டு, எத்தனையோ தமிழர்கள் இந்த மாநிலத்துப் பால்மரங்களை வெட்டி வாழ்ந்தார்கள். இன்று பெரும்பாலும் செம்பனைதான். உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் வயதாகி, தாமான் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா.

பக்கத்துக் கம்பத்தில் இன்னும் ரப்பர் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, ஒரு விடுமுறை நாளில் அப்பாவோடு போனேன். உளியைக் கையில் வாங்கியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. கோடு இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகம் அறுபடும் என்றார். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்களாம். சீவல் மெல்லிசாக வர வேண்டும். உளி கட்டையில் பட்டுவிடக் கூடாது. பால் கோட்டின் வழியே இறங்கிப் பீலியில் சேர்ந்து மங்கில் சொட்டத் தொடங்கியது. என் மகள் குனிந்து பார்த்துக்கொண்டே, "தாத்தா, நானும் ஒரு மரம் வெட்டட்டா?" என்றாள். அப்பா அவள் கையைப் பிடித்து உளியின் மேல் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அடுத்து அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. காண்டாத் தடியில் வாளி தளும்பாமல் நடப்பது எப்படி, கட்டிப்பால், ஒட்டுப்பால் கணக்கு எப்படி, மழை பெய்த நாளில் லயத்தில் என்ன செய்தார்கள், அம்மாவை முதன்முதலில் எந்த நிரையில் பார்த்தார். பதில் சொல்ல அவர் இருக்கிறார், பக்கத்தில் உட்கார எனக்கு நேரமும் இருக்கிறது. இதைப் படிப்பவர்களுக்கும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், அவர் கை செய்யும் வேலை ஒன்றை இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். இல்லையென்றால் அவரோடு சாப்பிட்டவர்களையெல்லாம் ஓர் அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.