இரண்டேகால் லட்சத்தில் ஒரு கார்: கன்சல்டிங்கிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை

கோவை சத்தி ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங். தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து வண்டிகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. முன் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டில் மாடல், ஆண்டு, ‘சிங்கிள் ஓனர்’, ‘இன்ஷூரன்ஸ் கரண்ட்’ என்று எல்லாம் எழுதியிருக்கிறது. விலை மட்டும் இல்லை. அது வந்த ஆளைப் பார்த்த பிறகுதான் வரும்.

வந்த ஆட்கள் மூவர். அக்கா மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அன்னூரிலிருந்து அவிநாசி ரோட்டிலுள்ள கல்லூரிக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பைக் என்றாலே அக்காவுக்கு ஆகாது. அதே ஊரிலிருந்து போகும் இரண்டு நண்பர்கள் பெட்ரோலில் பங்கு தருவதாகச் சொன்ன பிறகுதான் காருக்கு வீட்டில் சம்மதம் கிடைத்தது. மாப்பிள்ளையும் நானும் போக, மூன்றாவது ஆள் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன். கையில் ஒரு டார்ச், சட்டைப் பையில் துணி சுற்றிய சிறு காந்தம்.

“வாங்க சார். தம்பிக்குங்களா? காலேஜுங்களா? பட்ஜெட் எவ்வளவுங்க?”

மாப்பிள்ளை வாயெடுப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார். “மொதல்ல வண்டியப் பாக்கறோமுங்க.”

கையிலிருப்பது மொத்தம் 2,25,000 ரூபாய். வண்டிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை, மிச்சம் 25,000 வாங்கிய பிறகு வரும் செலவுக்கு என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். பழைய கார் வாங்குகிற பையன்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கைக்காசு முழுவதையும் வண்டிக்கே கொட்டிவிட்டு, வழுக்கை டயரோடும் காலாவதியான இன்ஷூரன்ஸோடும் வீட்டுக்கு ஓட்டிப்போவார்கள்.

மாப்பிள்ளையின் கண் முதலில் போனது சிவப்பு நிற ஐ10 மீது. அலாய் வீல், பெரிய திரை வைத்த மியூசிக் சிஸ்டம், சென்னைப் பதிவெண். மெக்கானிக் மியூசிக் சிஸ்டத்தைத் தொடவேயில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். பாதிக்கு மேல் நாடாவின் நிறம் மாறி, ஒரு கோடு போட்டதுபோல் சேற்றுக் கறை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அடியில் டார்ச் அடித்தார். தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. கால்மிதியைத் தூக்கியதும் ஊதுபத்தி வாசனையையும் மீறி ஈர நாற்றம் வந்தது.

“தண்ணியில நின்ன வண்டி கண்ணு” என்றார் மாப்பிள்ளையிடம், தாழ்ந்த குரலில்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். சுத்தம் செய்து வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்தினால் வாங்குபவருக்குக் கதை தெரியாது. இன்ஜினில் தண்ணீர் போனால்கூடப் பிரித்து மாட்டிவிடலாம். ஒயரிங்கில் புகுந்த ஈரம்தான் ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு கனெக்டராக அரித்து, விளக்கு ஒருநாள், பவர் விண்டோ ஒருநாள், கடைசியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.எம். என்று வேலை வைக்கும்.

அடுத்தது டீசல் ஸ்விஃப்ட். மீட்டரில் 62,000 கிலோமீட்டர். பிரேக் பெடல் ரப்பர் வரி தெரியாமல் தேய்ந்திருந்தது, ஸ்டீயரிங் பிடி மழமழவென்றிருந்தது, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடந்தது. மற்ற சீட்டெல்லாம் புதிது மாதிரி. சர்வீஸ் புக் எங்கே என்றால் “பழைய ஓனர்கிட்ட இருக்குங்க” என்று பதில். மீட்டரைக் குறைத்துக் காட்டுவது லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. பெடலையும் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் ஒருசேர மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. மீட்டர் ஒன்றும் கால் படும் இடம் வேறொன்றும் சொன்னால் காலை நம்புவதே உத்தமம்.

“டீசல்னா மைலேஜ் வரும்ல மாமா?” மாப்பிள்ளைக்கு விட மனமில்லை.

கணக்குப் போட்டோம். மாதம் 1,300 கிலோமீட்டர் ஓடினால் டீசலில் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம். “நாலு இன்ஜெக்டரும் ஒண்ணா வேலை கேட்டுச்சுன்னா ரெண்டு வருச மிச்சமும் ஒரே நாள்ல போயிருமுங்க” என்றார் மெக்கானிக். டர்போ, ஹை பிரஷர் பம்ப் எல்லாம் அதற்குப் பிறகு.

மூன்றாவதாக ஒரு ஃபிகோ. வரிசையில் இதுதான் கட்டுமஸ்தான வண்டி, விலையும் மலிவு. மலிவுக்குக் காரணம் ஊரறிந்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. சர்வீசும் உதிரிபாகமும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் மெக்கானிக் கேட்ட கேள்வி வேறு: “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அன்னூர்ல வண்டி நின்னுபோச்சுன்னா, பார்ட்டு எங்க கிடைக்கும்? யார் கை வைப்பாங்க?”

மாணவனுக்குக் கார் பார்க்கும்போது எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பழுதே ஆகாத பழைய கார் என்று ஒன்று கிடையாது. எந்த ஊர்ப் பட்டறையிலும் பழக்கப்பட்ட கை இருக்க வேண்டும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையிலேயே சாமான் இருக்க வேண்டும், பில் ஆயிரங்களில் முடிய வேண்டும். நம்பகமான வண்டி என்பது அவ்வளவுதான். இந்தச் சல்லடையில் சலித்தால் ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 மாதிரிச் சில பெயர்களே மிஞ்சும். அதிலும் மெக்கானிக்குக்கு ஒரு கண் உண்டு. ஆல்ட்டோ 800இலும் சான்ட்ரோவிலும் இருப்பது டைமிங் பெல்ட். காலத்தில் மாற்ற வேண்டும், பழைய ஓனர் மாற்றினாரா என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆல்ட்டோ கே10 இன்ஜினில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை.

கன்சல்டிங்கை விட்டு வெளியே வந்தோம். கன்சல்டிங்காரரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; விற்பது அவர் தொழில். நல்ல வண்டியும் அங்கே வரும். பழைய ஓனரோடு நேரில் பேசும் வாய்ப்புத்தான் அங்கே இல்லை. வண்டியின் பாதி வரலாறு அவர் வாயில் இருக்கிறது.

வடவள்ளியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மகன் புது வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டதால் 2014 மாடல் ஆல்ட்டோ கே10ஐக் கொடுக்கிறார். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தோம். மெக்கானிக் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

சாவி திருகியதும் ஒரே மூச்சில் பிடித்தது. சைலன்சருக்குப் பின்னால் நின்று பார்த்தோம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த மாதிரிப் பிசுக்கு இல்லை. இருந்தால் ஹெட் கேஸ்கட் வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டார். இன்ஜின் சட்டென்று அணைந்தது. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பிறகு காந்தம். கதவு, பானெட், பின் மட்கார்டு என்று வரிசையாக வைத்துப் பார்த்தார். இடது பின்கதவின் கீழே மட்டும் ஒட்டவில்லை. பட்டி பார்த்த இடம்.

“அது எங்க வீட்டு கேட்ல நாந்தான் இடிச்சேனுங்க” என்றார் பெரியவர், கேட்காமலே. கேட்டிலும் அதே உயரத்தில் நசுங்கல் இருந்தது.

கதவில் பட்டி இருந்தால் பெரிய விஷயமில்லை. பில்லரிலும் சேஸிஸ் முனையிலும் வெல்டிங் இருந்தால் வண்டியைத் தொடக்கூடாது. ரப்பர் பீடிங்கை உருவிப் பார்த்ததில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருந்தன. ஸ்டெப்னி குழியிலும் ஒட்டு வேலை இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்த்தோம். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. நான்கு டயருக்கும் வயதாகிவிட்டது. முன்னிரண்டில் வெடிப்பும் இருந்தது. பேட்டரியும் தள்ளாடியது. அண்மைக்காலமாகப் பங்க்குகளில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் என்பதால், இந்த வயது வண்டிகளில் ஃப்யூயல் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போது வழக்கம். அதில் குறையில்லை.

மருதமலை அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கவில்லை. வேகத்தடையில் முன்பக்கம் கடகடத்தது, புஷ் வேலை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது, ஐந்தும் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அந்த ஆண்டுக்குப் பிந்தைய வண்டி எங்கள் பணத்துக்கு எட்டவில்லை. அதனால் அக்கா போட்ட நிபந்தனை: பின்சீட்டிலும் பெல்ட், அவிநாசி ரோட்டில் எழுபதுக்கு மேல் கிடையாது.

கடைசியாகக் காகிதம். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைத் தட்டினால் எத்தனையாவது ஓனர், எச்.பி. (வண்டி மீதான கடன்) இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். கட்டாத அபராதங்களை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் எச்.பி. இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் முன்பணமே கொடுக்கக்கூடாது. இந்த வண்டியில் எச்.பி. எப்போதோ கேன்சல் ஆகியிருந்தது. பதிவு 2029 வரை செல்லும். மாப்பிள்ளை படிப்பை முடிப்பது 2028இல். சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் காலம் 15 ஆண்டு. அதைப் புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600இலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. பசுமை வரியும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலையும் தனி. ‘சல்லிசு’ என்று தள்ளிவிடப்படும் 2011, 2012 வண்டிகளில் ஒளிந்திருக்கும் செலவு இதுதான்.

விலைப் பேச்சு. பெரியவர் சொன்னது 2,15,000. டயர், பேட்டரி, புஷ் மூன்றையும் எடுத்துச் சொன்னோம். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலையே இறங்கியதையும் ஞாபகப்படுத்தினோம். காபி வந்தது. 1,92,000இல் முடிந்தது.

பணம் வங்கி வழியாகவே போனது. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். படிவம் 29, 30 இரண்டும் அன்றே தயார். ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சுக்கு விற்பவர்தான் முதலில் பயப்பட வேண்டும். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெரியவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன் முதல் 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நண்பர்கள் பெட்ரோலுக்குப் பங்கு போடலாம். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும் என்பதையும் மாப்பிள்ளைக்குச் சொல்லிவைத்தோம்.

பட்டறைக் கணக்கு: முன் டயர் இரண்டு 6,500. பேட்டரி 4,200. ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் பேட், புஷ் எல்லாம் சேர்த்து 6,800. இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு 6,000. வண்டியோடு கூட்டினால் 2,15,500. கையில் மிச்சம் 9,500.

“மாமா, ஒரு மியூசிக் சிஸ்டம் மட்டும்...” என்று ஆரம்பித்தான் மாப்பிள்ளை.

மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பின் டயர் ரெண்டும் பாக்கி இருக்குது கண்ணு.”

மறுநாள் பின் டயரும் மாற்றியாயிற்று. பாட்டுக்கு அவனுடைய போன் போதும்.