சாரல் காலத்து வார்டு

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. தென்காசியில் குழந்தைகள் வார்டிலேயே டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். அதுவும் ஆனிச் சாரலில்! குற்றாலத்துக்குக் குளிக்க வந்த குடும்பங்கள் பேதியாகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உள்ளூர்க்காரர்களோ, "குடலேத்தம் சிஸ்டர், தட்டிப் பாத்தாச்சு, நிக்கல" என்பார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போடாதே. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டச் சொல். ஜிங்க் மருந்து 14 நாளும் என்று அழுத்திச் சொல். பேதி நின்றதும் மறந்துவிடுவார்கள்.

வைத்தியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். என் கவலை பக்கத்துக் கட்டிலைப் பற்றி. நிமோனியாவுக்குச் சேர்ந்த பிள்ளை இரண்டு நாள் கழித்து வாந்தி எடுத்தால், பெரும்பாலும் அது வார்டில் ஒட்டியதுதான். சுவரில் தொங்கும் சானிடைசரை நம்பாதே. வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும், க்ளவுஸைக் கழற்றிய பிறகும். வாந்தி விழுந்த இடத்தில் மாப்பை இழுத்தால் வார்டு முழுக்கப் பூசியதாகும். பேப்பர் போட்டு ஒற்றி எடுத்துவிட்டு, அன்றன்றைக்குக் கலந்த ஹைப்போகுளோரைட்டை ஊற்றிப் பத்து நிமிடமாவது விடச் சொல். நேற்றுக் கலந்ததில் வாடை இருக்கும், வீரியம் இருக்காது.

டாக்டர், நர்ஸ் கையைவிட ஆச்சிகள் கையைத்தான் நான் கவனிப்பேன். பேரனுக்கு டயபர் மாற்றிய கையோடு அடுத்த கட்டில் பிள்ளைக்கும் இட்லி பிட்டு ஊட்டுவார்கள். பாசம்தான், திட்டினால் முகம் வாடிப்போகும். குழாயடிக்குக் கூட்டிப்போய் நீயும் சேர்ந்து கழுவு. பேதி நின்ற பிள்ளையை உடனே பொதுக்கட்டிலுக்கு மாற்றவும் விடாதே. சில நாளைக்கு மலத்தில் வைரஸ் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு சங்கதி. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், பிறந்த குழந்தைகளிடம் பேதியைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸின் ஒரு ரகம் பரவியது. ஆனால் பிள்ளைகளுக்குப் பேதியே ஆகவில்லை. இதென்ன விசித்திரம் என்று எம்.கே. பான் குழுவினர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த 116இ ரகத்திலிருந்து வந்ததுதான் ரோட்டாவாக் சொட்டு மருந்து. நம் வேலூரிலும் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் பரவிய கிருமியால் நன்மை விளைந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்! தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார், விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த ரோட்டாவாக் சோதனையில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்குச் சற்று மேல்தான் குறைந்தது. நோரோவை அந்தச் சொட்டு மருந்து தொடவே தொடாது.

உனக்கே வாந்தி பேதி வந்தால், நின்ற பிறகும் இரண்டு நாள் வார்டுப் பக்கம் போகாதே. ஆள் இல்லை என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அடுத்த மாதம் வருகிறேன். உன் லீவு நாளைச் சொல், ஐந்தருவிக்குப் போவோம்.

அன்புடன்,
அத்தை