லைட் அடித்துச் சொல்லும் சேதி

தூத்துக்குடி–திருச்செந்தூர் ரோட்டில் பட்டப்பகலில் எதிரே வரும் லாரி இரண்டு தடவை ஹெட்லைட்டை அடித்து அணைத்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முன்னால் போலீஸ் நிற்கிறது, காலை எடு. லைட் அடித்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. முக்காணிவரை நமக்கு வழிவிடாமல் போன உப்பு லாரியின் சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். ஆனால் ஸ்பீடு கன் என்று வந்துவிட்டால் பகையெல்லாம் மறந்துபோகிறது. நாமும் காலை எடுக்கிறோம், அடுத்து எதிரே வருகிறவருக்கு லைட் அடிக்கிறோம். கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒற்றுமை, பாவம், இதற்காகப் போய் வாய்த்திருக்கிறது.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு புதருக்குள் பதுங்கியிருந்த போலீஸைப் பற்றிக் கார்க்காரர்களுக்குச் சொல்ல, சைக்கிளில் ஆள் போட்டார்கள். 1910-இல் நீதிமன்றம், அப்படி எச்சரிப்பது போலீஸின் வேலையைத் தடுப்பதாகும் என்று சொல்லிவிட்டது. சங்கத்துக்காரர்கள் அசரவில்லை. சங்கத்தின் சின்னம் பொருத்திய காரைக் கண்டால் சைக்கிள்காரர் சல்யூட் அடிப்பார். அடிக்காவிட்டால் ஜாக்கிரதை என்று பொருள். சல்யூட் அடிக்காத குற்றத்துக்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போட முடியும்?

வேகத்தைப் பிடிக்கும் கருவியைப் பரப்பியவரும் வேகப் பைத்தியம்தான் என்பது அதைவிட வேடிக்கை. நெதர்லாந்துக்காரரான மௌரிட்ஸ் கட்சோனிடெஸ் 1953-இல் மாண்டி கார்லோ ராலி பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தன் கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளந்து, இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகவே கருவி செய்யப் போனார். அவர் கம்பெனியின் பெயரைச் சுருக்கி இங்கிலாந்தில் இன்றைக்கும் கேமராவைத் திட்டுகிறார்கள்.

எங்கள் ஊரில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஏரல் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவர். கேமராவைப் பற்றி அவர் சொல்லும் குற்றச்சாட்டுகளில் பாதி பொய். "சைடுல நின்னு பிடிச்சா கூட்டிக் காட்டும்வே" என்பார். உண்மை நேர் எதிர். ரேடார் அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத்தான் கணக்கு. வண்டி நேராகக் கருவியை நோக்கி வந்தால்தான் முழு வேகமும் தெரியும். இருபது டிகிரி சாய்வில் நின்று பிடித்தால் 100-இல் போகிறவருக்கு 94-தான் காட்டும். சாய்வு ஓட்டுகிறவருக்குத்தான் லாபம். அதற்கு மேல், நம் வண்டியின் மீட்டர் முள்ளும் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். முள் 80-ஐத் தொடும்போது சக்கரம் உண்மையில் அதற்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மீதிப் பாதி பொய்யில்லை. அவருக்குக் கோபம் அளப்பதில் இல்லை, ஒளிவதில். பாலத்துக்கு அடுத்த இறக்கத்தில், மரத்து நிழலில், மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் ஜீப். முன்பு கைகாட்டி நிறுத்துவார்கள். இறங்கிப் போய் "சார், ஆஸ்பத்திரி கேஸ்", "சார், காய் அழுகிரும்" என்று நாலு வார்த்தை சொல்லலாம். எதிரே ஒரு முகம் இருந்தது. அந்த முகம் சில நேரம் இரங்கியது, சில நேரம் கையை நீட்டியது. கேமராவுக்கு இரண்டும் தெரியாது. கையூட்டு போனதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் காரணம் கேட்கும் காதும் கூடவே போய்விட்டது என்று அண்ணாச்சி சொல்லும்போது எனக்குப் பதில் வரவில்லை.

பணமும் லேசுப்பட்டதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்துக்கு முதல் தடவை 400 ரூபாய் வரை என்று இருந்ததை, 2019 திருத்தம் இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 என்றும், கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 என்றும் ஏற்றிவிட்டது. குட்டியானைக்காரருக்கு அது ஒருநாள் பாடு. அதுவும் அன்றைக்கே தெரிவதில்லை. வண்டிப் பதிவின்போது புரோக்கர் தன் செல் நம்பரைக் கொடுத்திருப்பார், செய்தி அவருக்குப் போயிருக்கும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கப் போகும்போதுதான் மொத்தமும் சேர்ந்து கண்ணில் படும். நம்பர் சரியாக இருக்கிறவர்களுக்கு வேறு தொல்லை. வாட்ஸ்அப்பில் 'உங்கள் வாகனத்துக்கு அபராதம்' என்று ஏ.பி.கே. ஃபைலோடு செய்தி வந்தால் அது திருடன் அனுப்பியது, தொடவே கூடாது.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு சேர்த்த 167ஏ விதி இந்தக் கோபத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டு எழுதியதுபோல் இருக்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கண்காணிக்கும் இடத்துக்கு முன்பே, கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பலகை வைத்துவிட்டால் மரத்து நிழலுக்கு வேலையில்லை. ஒளிந்து பிடிக்கும் கேமரா டிரைவருக்கு இடத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது, வேகத்தை அல்ல என்பது என் கட்சி. அந்த இறக்கம் வரைக்கும் நல்ல பிள்ளை, தாண்டியதும் ஒரே மிதி.

எவ்வளவு வேகம்தான் சரி என்பதிலாவது தெளிவு இருக்கிறதா? 2018-இல் மத்திய அரசு வேக வரம்புகளை ஏற்றி அறிவிக்கை போட்டது. விரைவுச்சாலையில் கார்களுக்கு 120. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. பைபாஸ் டீக்கடையில் பத்து டிரைவர்களிடம் கேட்டால் பத்து எண் கிடைக்கும். கேரளத்துக்கு லோடு போகிறவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை. ஆரியங்காவு தாண்டியதும் பெல்ட்டை மாட்டி ஒழுங்காகிவிடுகிறார்கள். 2023 ஜூனில் அங்கே 726 கேமராக்களை இயக்கத் தொடங்கினார்கள். அதில் வண்டியில் வைத்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் வேகக் கேமரா வெறும் நாலு. எங்கள் ஊர் லாரிக்காரர்கள் அந்த நாலைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

வேகத்தால் கிடைப்பதைக் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 80-க்குப் பதில் 100-இல் போனால் மிச்சம் ஏழெட்டு நிமிஷம். வல்லநாட்டில் ஒரு டீ குடித்தால் தீர்ந்தது. இழப்பதோ வேறு கணக்கு. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை எழுதியது. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் நோக்கிப் பச்சை வேட்டியோடு ராத்திரியில் ஓரமாக நடந்து போகிறவர்களைப் பார்த்தால் இந்த எண்கள் கொஞ்சம் உறைக்கும். முதுகில் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றுதான் அவர்களுக்குக் காவல். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வேட்டி படபடவென்று அடித்துக்கொள்ளும். கூட்டம் ஒரு நொடி மண்ணுக்கு இறங்கி, மறுபடி தாரில் ஏறும்.

ஜி.யு. போப் ஐயர் 1840-களில் எங்கள் சாயர்புரத்தில் இருந்தபோது வேகக் கட்டுப்பாடு மாட்டின் பொறுப்பில் இருந்திருக்கும். இப்போது ஊருக்குள் அந்தப் பொறுப்பு வேகத்தடையிடம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அடிபட்டால் மறியல், மறியல் முடிவதற்குள் ஒரு வேகத்தடை. அளவும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. பிரசவத்துக்குப் போகிற ஆட்டோவையும் அது தூக்கித்தான் போடுகிறது. ஆனால் அதை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. அது ஒளிவதில்லை, பணம் கேட்பதில்லை, எம்.எல்.ஏ. காருக்கும் அதே குலுக்கல்.

ஊருக்குள் வண்டியைப் பறக்கவிடாதே என்று முதலில் கத்துகிறவரும் நம் குட்டியானை அண்ணாச்சிதான். பேத்தி நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள் கேட்டேன்: "அப்ப போப் காலேஜ் முன்னால ஒரு கேமரா வைக்கச் சொல்லுவோமா அண்ணாச்சி?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "வைக்கட்டும். தாராளமா வைக்கட்டும். எந்த எடத்துல வைக்கானுவன்னு மட்டும் நமக்கு முன்கூட்டியே சொல்லிரணும், பாத்துக்கிடுங்க."