புதுவையில் இரு நாள்

எம் பங்கின் அன்னையர் ஐவர், சனி ஞாயிறு புதுவை சென்றுவர எண்ணி, பட்டியலொன்றுடன் என்னிடம் வந்தனர். வில்லியனூர் உட்பட ஏழு ஆலயங்கள், அதன்மேல் கடைத்தெரு! இஃது ஓய்வன்று, ஓட்டம் என்றேன். மூன்று போதும்: 1791-இல் கட்டி முடிக்கப்பெற்ற சம்பா கோவில், புகைவண்டி நிலையத்தருகே, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற திரு இருதய ஆலயம், கடலை நோக்கி நிற்கும் கப்ஸ் கோவில், 1855-இல் எழுந்தது. அதனை அடுத்தே கடற்கரைச் சாலை. மாலையில் அங்கு வாகனங்களுக்கு இடமில்லை. கால் போன போக்கில் நடக்கலாம்.

கணவரை இழந்து ஓராண்டாய் ஆலயத்திற்கன்றி வேறெங்கும் செல்லாத ஒருவரும் ஐவருள் இருந்தார். "சாமி, அங்கே சும்மா உட்கார்ந்திருக்கலாமா?" என்றார்.

தாராளமாக உட்காருங்கள் என்றேன்.

மற்ற நால்வர் வீட்டிலும் சமையல் யார் பொறுப்பு என்பதே எஞ்சிய சிக்கல். ஞாயிறு பூசைக்குப் பின் அவர்தம் கணவர்மாரிடம் கேட்டேன். விடை இன்னும் வந்தபாடில்லை.